திறந்த மூல மென்பொருள்: பராமரிப்புப் பொறுப்பின் கைமாற்றம்

ஏரியை வெட்டுவது ஒரு முறைப் பணி. அதனைத் தூர் வாரிக் காப்பது தலைமுறைப் பணி. இதனை உணர்ந்தே நம் முன்னோர் குடிமராமத்து முறையைக் கைக்கொண்டனர். மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிப்பது திறந்த மூல மென்பொருள். மின்னாளுகையில் இதற்கு முன்னுரிமை அளிக்க வேண்டுமென்பது 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த கொள்கை. ஆயினும் உலகெங்கும் பயன்படும் பல கருவிகளை ஓரிருவரே ஊதியமின்றிப் பராமரித்து வருகின்றனர். அவர்கள் ஓய்வு பெற விரும்பினால் பொறுப்பை ஏற்பவர் யார்?

தவறான கையில் சாவி

கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் கருவியைப் பின்லாந்தின் லாசே கோலின் பல்லாண்டுகள் பராமரித்தார். 2021 முதல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி வந்தார். புதிய பராமரிப்பாளர் வேண்டுமென 2022இல் முன்பின் அறியாத சிலர் கோலினை நெருக்கினர். நாளடைவில் புதிய பதிப்புகளை வெளியிடும் அதிகாரம் ஜியா டானிடம் சென்றது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த பதிப்புகளில், பிறர் கணிப்பொறிக்குள் நுழையும் கள்ளவழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கணிப்பொறியுடன் இணைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், மார்ச் 29இல் இதனை வெளிப்படுத்தினார். பேரிழப்பு தவிர்க்கப்பட்டது.

முறையான ஏற்பாடு

களைத்த ஒருவரின் தனிமையே இச்சூழ்ச்சிக்கு இடமளித்தது. எனவே பொறுப்பைக் கைமாற்றுவது வெளிப்படையான நடைமுறையாதல் வேண்டும். 1993இல் தொடங்கிய டெபியன் திட்டம் இதற்கு நல்ல சான்று. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அங்கு விலக விரும்பும் பராமரிப்பாளர், தம் தொகுப்பை ஏற்க ஆள் தேவையென முன்கூட்டியே அறிவிக்கலாம். கைவிடப்பட்ட தொகுப்பு ‘அநாதை’ எனப் பட்டியலிடப்படும். ஏற்பவர் வரும்வரை தரக் குழு அதனைக் கவனித்துக்கொள்ளும்.

புதியவருக்கு முதலில் பிழை களைதல், ஆவணம் எழுதுதல் போன்ற பணிகளை அளித்தல், ஒருவர் திருத்தத்தை மற்றொருவர் சரிபார்த்தல், வெளியீட்டு அதிகாரத்தை ஒருவரிடமே குவிக்காதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை.

நிதியும் மனிதரும்

பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் இத்தகைய திட்டங்களுக்கென ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் நிதியை அறிவித்தது. இது வரவேற்கத்தக்கது; ஆனால் பணம் மட்டும் வாரிசை உருவாக்காது. பெங்களூரின் விவேக் நகர் முதலிய பகுதிகளில் வாழும் மென்பொருள் பொறியாளர்களும், நம் கல்லூரி மாணவர்களும் சிறு திருத்தங்களுடன் இப்பணியில் பழகத் தொடங்கலாம். அரசு அலுவலகங்களோ, தாம் நம்பியிருக்கும் கருவிகள் எவை, அவற்றைக் காப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தல் நலம். காப்பவர் ஒருவரே எனில், துணையாளரைத் தேட வேண்டிய காலம் அவர் விலகும் நாளன்று, இன்றே.