பயம் கோபுரத்தின் மீது, ஆபத்து கையில்

செல்போன் அலைகள் உடலுக்குக் கேடு செய்யுமா? கேரள எல்லைக் கிராமங்களில் எல்லோர் கண்ணிலும் படுவது கோபுரம். கவனிக்க வேண்டியதோ காதருகே இருக்கும் கருவியை.

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதையும் தாண்டினால் நெய்யாற்றின்கரை. ஒரே நெடுஞ்சாலையில் மாநிலம் மாறுகிறது, கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது. செல்போன் சேவையிலும் தமிழ்நாடு, கேரளம் இரண்டும் தனித்தனி உரிம வட்டங்கள். ஆனால் அலைகளுக்குச் சோதனைச் சாவடி கிடையாது. அந்தப் பக்கத்துக் கோபுரத்தின் அலை இந்தப் பக்கத்து வீட்டிலும் எட்டிப் பார்க்கும்.

கேரளத்தில் முதல் செல்போன் சேவை 1996இல் கொச்சியில் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் கோபுரச் சண்டை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. கோழிக்கோடு மாவட்டம் சேமஞ்சேரி ஊராட்சிக்கும் ரிலையன்ஸ் இன்ஃபோகாமுக்கும் இடையிலான வழக்கில், நிரூபிக்கப்படாத அச்சத்தை மட்டும் வைத்துக் கோபுரத்தைத் தடுக்க முடியாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. அச்சம் மட்டும் தீரவில்லை.

அச்சத்துக்குப் பாதிக் காரணம் ‘கதிர்வீச்சு’ என்ற சொல். தெற்கே மணவாளக்குறிச்சி, வடக்கே சவறா என்று இரண்டு மோனசைட் மணல் கடற்கரைகளுக்கு இடைப்பட்ட வட்டாரம் இது. அந்த மணலில் உள்ள தோரியத்திலிருந்து வருவது அயனியாக்கும் கதிர். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து, மரபணுவையே உடைக்கக்கூடியது. செல்போன் அலைக்கு அந்தச் சக்தி இல்லை. வானொலி அலையின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. உடல் திசுவை லேசாகச் சூடாக்குவதுதான் அதன் உறுதிசெய்யப்பட்ட விளைவு.

அந்த மணல் கடற்கரையிலேயே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. மணலின் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடவில்லை. இதனால் அணுக்கதிர் தீங்கற்றது என்று ஆகிவிடாது. அளவைப் பார்க்காமல் பெயரைக் கேட்டே பயப்படக் கூடாது என்பதுதான் பாடம்.

செல்போனுக்கு வருவோம். 13 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஃபோன்’ ஆய்வு 2010இல் வெளியானது. மொத்தத்தில் மூளைக் கட்டி அதிகரிக்கவில்லை. ஆனால் மிக அதிகமாக, அதாவது 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் கிளையோமா என்ற கட்டியின் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பழைய பழக்கத்தை நினைவிலிருந்து சொல்வதில் பிழைகள் இருக்கலாம் என்பதால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் இதே பிரிவில் இடம்பெற்றது.

அதன் பிறகு வந்த சான்றுகள் ஆறுதல் தருகின்றன. இந்தியா உட்பட 14 நாடுகளில் 10 முதல் 24 வயதுள்ளவர்களிடம் நடந்த ‘மோபி-கிட்ஸ்’ ஆய்விலும், உலக சுகாதார நிறுவனத்தின் கோரிக்கையில் 63 ஆய்வுகளை அலசி 2024இல் வெளியான அறிக்கையிலும் செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

இந்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர அலைகளுக்கான உச்ச வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கருவியிலிருந்து உடல் ஏற்கும் சக்தி ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. பல செல்போன்களில் *#07# என்று அழுத்தினால் இந்த அளவு திரையில் தெரியும்.

கோபுர எதிர்ப்பாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தொலைவு இரு மடங்கானால் அலையின் வலு நான்கில் ஒன்றாகிவிடும். எனவே நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டியிருக்கும் கருவியிலிருந்துதான் தலைக்கு அதிக அலை போகிறது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் கருவி மெல்லப் பேசும்; தூரத்தில் இருந்தால் கத்தியாக வேண்டும். ஊரை விட்டுக் கோபுரத்தை விரட்டினால், ஊர்க்காரர்களின் செல்போன்கள்தான் கூடுதல் சக்தியை உமிழும்.

அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு வழி எளிது. சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருக்கும்போது நீண்ட அரட்டை வேண்டாம். இயர்போனோ ஸ்பீக்கரோ பயன்படுத்தலாம். தூங்கும்போது தலையணைக்கு அடியில் செல்போன் எதற்கு? அலையால் கேடு வருகிறதோ இல்லையோ, தூக்கமாவது மிஞ்சும்.

சந்தேகமே இல்லாத ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டும்போது செல்போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. பாறசாலை வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் செல்போனுமாகப் போகிறவர் பயப்பட வேண்டியது மூளைக் கட்டிக்கு அல்ல, எதிரே வரும் லாரிக்கு.