குளிர்பெட்டியின் காவற்காரன்

மழைக்காலம் வந்துவிட்டால் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஈரம் ஏறாத பொருள் எதுவுமில்லை. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பண்டகசாலைச் சுவர்கள் வியர்க்கின்றன, உப்பு நீர்க்கின்றது, காலையில் ஆட்டிய மாவு மாலைக்குள் பொங்கிப் புளித்துவிடுகின்றது. இத்தகைய ஊரில் குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரப் பொருளன்று. பாலையும் மாவையும் மீனையும் மருந்தையும் காத்துத் தரும் அத்தியாவசியப் பொருளே ஆகும்.

குளிரை விலை கொடுத்து வாங்குதல் தமிழருக்குப் புதிதன்று. பிரடரிக் டூடர் என்னும் அமெரிக்க வணிகர், தம் நாட்டில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அவ்வாறு வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்ததுவே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என விளங்குகின்றது. அக்காலப் பனிக்கட்டி தானே உருகித் தீர்ந்தது. இக்காலப் பெட்டியோ தானே குளிரை உண்டாக்குகின்றது. ஆதலால் 'போதும்' என்று சொல்ல அதற்கு ஒரு காவற்காரன் வேண்டும். அவனே தெர்மோஸ்டாட்.

அக்காவற்காரன் தவறினால் நேர்வது என்ன? நம் இல்லத்தில் ஒருநாள் காலை பால் கல்லாய் உறைந்திருந்தது. அருகிலிருந்த அன்னையாரின் இன்சுலின் குப்பியும் உறைந்திருந்தது. இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னர் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் அதைப் பயன்படுத்தலாகாது. குப்பியை எறிந்தோம், நட்டம் பணத்தோடு போயிற்று. கவனியாது ஊசி போட்டிருந்தால் மருந்து வேலை செய்யாமல் சர்க்கரை ஏறியிருக்கும் அன்றோ?

இனி இக்கருவி இயங்கும் முறையைக் காண்போம். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் உள்ள தெர்மோஸ்டாட்டிலிருந்து நீண்ட செப்பு நுண்குழாய் ஒன்று சென்று, அதன் நுனி உறைபெட்டியோடு ஒட்டியிருக்கும். அதனுள் வாயு அடைக்கப்பட்டிருக்கும். வெப்பம் ஏறினால் அழுத்தம் மிகுந்து உள்ளிருக்கும் சிறு துருத்தி விரியும். தொடுமுனைகள் சேர்ந்து கம்ப்ரஸர் ஓடும். குளிர்ந்ததும் துருத்தி சுருங்கும். முனைகள் பிரிந்து ஓட்டம் நிற்கும். நாம் திருகும் குமிழ், துருத்தியை எதிர்க்கும் வில்லின் இறுக்கத்தை மாற்றுகின்றது, அவ்வளவே.

ஆகவே பழுதும் இருவகை. வாயு கசிந்துபோனால் துருத்தி விரியாது. விளக்கு எரியும், ஆனால் கம்ப்ரஸர் ஓடாது. தொடுமுனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் ஓட்டம் நில்லாது, உள்ளிருப்பவையெல்லாம் உறையும். ஓயாமல் ஓடியும் பெட்டி குளிரவில்லையெனில், குற்றம் பெரும்பாலும் கதவு ரப்பரிலோ குளிரூட்டும் வாயுவிலோ இருக்கும். அப்போது தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பயனில்லை.

சோதிக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். ஈரத்தரையில் அது உயிரைக் குடிக்கும். காலணி அணிந்து, உலர்ந்த கையோடு வேலை செய்க. குமிழ்ப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் தெரியும். கம்பிகளை நீக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் மல்டிமீட்டரால் தொடுமுனைகளைப் பார்க்க. பெட்டி வெதுவெதுப்பாக இருக்கையில், குமிழைத் திருகியும் மின்தொடர்பு இல்லையெனில் கருவி செத்தது. குமிழைச் சுழியத்தில் வைத்தும் தொடர்பு அறாவிடில் முனைகள் ஒட்டிக்கொண்டன என அறிக.

புதியதை வாங்கும்போது, பழையதின் உடலில் பொறித்த எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுக. பார்வைக்கு ஒத்திருப்பதால் மட்டும் ஒத்ததாகாது. நுண்குழாயின் நீளமும், எவ்வளவு குளிரில் நிற்கும் என்பதும் மாறக்கூடும். விலை பெரும்பாலும் சில நூறு ரூபாயே.

பழைய நுண்குழாயை உருவுமுன் பனி முழுவதும் தானே உருகட்டும். கத்தியால் கெல்லினால் உறைபெட்டி துளைபட்டு வாயு வெளியேறிவிடும். பிறகு செலவு பன்மடங்காகும். புதிய குழாயைக் கூர்மையாக மடிக்காமல், மெல்ல வளைத்துப் பழையது சென்ற வழியே, அதே ஆழம்வரை செலுத்துக. நுனி உறைபெட்டியோடு நன்கு ஒட்டாவிடில் புதிய கருவியும் பொய் சொல்லும். கம்பிகளைப் படத்தில் உள்ளவாறே பொருத்துக. பச்சை நில இணைப்புக் கம்பியை மறத்தல் கூடாது. ஈரக்காற்றில் துருவேறிய முனைகளை உலர்த்தித் துடைத்துவிடுக.

எல்லாவற்றையும் மூடியபின், ஐந்து நிமிடமேனும் கழித்துப் பிளக்கைச் செருகுக. நடுத்தட்டில் ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்தால் 4 பாகை அளவில் இருத்தல் வேண்டும். அதற்கேற்பக் குமிழைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளலாம்.

எதுவரை நம் வேலை, எது கைதேர்ந்தவர் வேலை என்னும் எல்லையும் உண்டு. பனி படியாத இரட்டைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் துருத்திக்கு மாறாக உணரியும் மின்னணுப் பலகையும் உள்ளன. அவற்றைத் தொடாதிருத்தல் நலம். உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியையும் திறக்க வேண்டா. பெட்டியின் பின்புறச் சீட்டில் ஆர் 600ஏ என்றிருந்தால் உள்ளிருப்பது எரியும் வாயு. அதன் குழாய்களருகில் நெருப்போ பற்றவைப்போ அறவே கூடாது.

ஒன்று மட்டும் இன்றே செய்யலாம். இன்சுலின் வைத்திருக்கும் இல்லத்தினர் அதனை உறைபெட்டிக்கு அருகில் வையாது, கதவுத் தட்டிலோ நடுத்தட்டின் முன்புறத்திலோ வைத்து, பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானியும் வைப்பாராக. காவற்காரன் தவறினாலும் மருந்து வீணாகுமுன் நமக்குத் தெரிந்துவிடும்.