கிருஷ்ணகிரிக்கும் ரயில் ஓடுச்சு பாஸ்!

ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்கு நடுராத்திரி போனாலும் 'டீ... காபி...' சத்தம் கேட்கும். சென்னை, பெங்களூரு, சேலம்னு மூணு பக்கமும் தண்டவாளம் பிரியுற ஊராச்சே! பையைத் தலைக்கு வெச்சுக் காத்திருக்கிற கூட்டத்துல, 'எந்த ஊரு தம்பி?'ன்னு கேட்டுப் பாருங்க. 'கிருஷ்ணகிரி'ன்னு யாராவது சொல்வாங்க. பஸ் ஏறி இங்கே வந்துதான் அவங்க ரயிலைப் பிடிக்கணும். 2004-லேயே மாவட்டத் தலைநகரான ஊருக்கு இன்னும் ரயில்வே ஸ்டேஷன் இல்லை!

'அந்தப் பக்கம் ரயிலே போனதில்லை போல'ன்னு நினைச்சா, அங்கேதான் ட்விஸ்ட். போயிருக்கு... 1905-லேயே!

ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கிற திருப்பத்தூர்லேர்ந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் குட்டி ரயில் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. இப்போ நாம போற அகலப்பாதையில அது ஐந்தரை அடி!

எதுக்காகப் போட்டாங்க? பஞ்சத்துக்காக! 1876-78 தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி ரெண்டுமே அப்போ அந்த மாவட்டம்தான். மறுபடி மழை பொய்த்தால் தானியம் போய்ச் சேரணுமே... அதுக்கான பாதை இது. அடுத்த வருஷமே மொரப்பூர்-தருமபுரிக்கும் இதே மாதிரி ஒரு குட்டிப் பாதை வந்தது. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது.

ஆனா, அந்தக் குறுகின அகலமே வினையாச்சு. குட்டி ரயில் பெட்டி மெயின் லைன்ல ஓடாது. மூட்டையை எல்லாம் திருப்பத்தூர்ல இறக்கி, பெரிய வேகன்ல மறுபடி ஏத்தணும். லாரி வந்தா, வீட்டு வாசல்லேயே சரக்கை ஏத்திக்கிட்டுப் போயிடும். அப்புறம் யார் ரயிலைத் தேடுவாங்க? இரண்டாம் உலகப் போர் முடியறதுக்குள்ளேயே ரெண்டு பாதைக்கும் மூடுவிழா. தண்டவாளத்தையும் பெயர்த்துட்டாங்க. 1864-ல் அகலப்பாதையா போட்ட ஜோலார்பேட்டை-பெங்களூரு லைன்ல மட்டும் இன்னிக்கும் ரயில் தடதடக்குது!

ஜோலார்பேட்டையிலேர்ந்து கிருஷ்ணகிரி வழியா ஓசூருக்குப் புதுப்பாதை கேட்டு மக்கள் பல வருஷமா குரல் கொடுக்கிறாங்க. சர்வேக்கு மேல சர்வே நடந்தாச்சு. ரயில்தான் வரலை. சீசன் டிக்கெட்டுல காலேஜ் போற வசதி, அந்த ஊர்ப் பசங்களுக்கு இன்னும் கனவுதான்.

ஃப்ரெண்ட்ஸ், ஒரு வேண்டுகோள். அந்தக் குட்டி ரயிலைப் பார்த்தவங்களுக்கு இப்போ 90 வயசாவது இருக்கும். உங்க ஊர்ல அப்படி ஒரு தாத்தா, பாட்டி இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமையே செல்போனோட போய் உட்காருங்க. ஸ்டேஷன் எங்கே இருந்தது, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டுப் பதிவு பண்ணுங்க. தண்டவாளம் போயிடுச்சு. ஞாபகமாவது மிஞ்சட்டுமே!