கோழி இறைச்சி வழியே வரும் நோய்: ஒரு நாடு பாதியாகக் குறைத்த விதம்

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கோழிச் சாறு கொடுக்கலாமா?" என்பது. தாராளமாகக் கொடுக்கலாம். நன்கு வெந்த கோழி இறைச்சி, உடல் தேறுவதற்கு வேண்டிய புரதத்தைத் தரும் நல்ல உணவு. கவனம் தேவைப்படுவது அது வேகும் வரையில்தான்.

பச்சைக் கோழி இறைச்சியில் காணப்படும் கிருமிகளுள் முக்கியமானவை சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும். கேம்பிலோபாக்டர் கோழியின் குடலில், பெரும்பாலும் கோழிக்கு எத்தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. கோழியை வெட்டிச் சுத்தம் செய்யும்போது குடலிலிருந்து இறைச்சியின் மேற்பரப்பில் படிகிறது. மனித உடலுக்குள் சென்றால், பொதுவாக 2 முதல் 5 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானே குணமாகிவிடும். மிகச் சிலருக்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, சில வாரங்களுக்குள் கியான்-பாரே நோய் ஏற்படக்கூடும். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால், கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேலேறிச் சுவாசத்தையும் பாதிக்கலாம்.

இந்நோயைக் கட்டுப்படுத்தியதில் நியூசிலாந்தின் அனுபவம் அறியத்தக்கது. சுமார் 42 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், 2006ஆம் ஆண்டில் மட்டும் 15,800-க்கும் மேற்பட்டோருக்குக் கேம்பிலோபாக்டர் நோய் பதிவானது. வளர்ந்த நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதமாக இருந்தது. இறைச்சியை நன்றாக வேக வையுங்கள், கைகளைக் கழுவுங்கள் என்னும் அறிவுரைகளுக்கு அங்கே குறைவில்லை. ஆயினும் நோய் தணியவில்லை. கிருமி மிகுந்த இறைச்சியே விற்பனைக்கு வரும்போது, இல்லத்தினரின் கவனத்தை மட்டும் நம்பியிருப்பது முறையன்று என்று மைக்கேல் பேக்கர் உள்ளிட்ட பொதுச் சுகாதார மருத்துவர்கள் வலியுறுத்தினர்.

மாசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளிடம் கண்ட கிருமி வகைகளைக் கோழி, மாடு, ஆடு, நீர்நிலை ஆகியவற்றில் கிடைத்த வகைகளோடு ஒப்பிட்டனர். பாதிக்கு மேற்பட்ட நோய்க்குக் கோழியே மூலம் என்பது தெளிவாயிற்று. எங்கே செயல்பட வேண்டும் என்பதை இந்த ஆய்வு காட்டியது. அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை இடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றை வகுத்தது. 2008 ஏப்ரல் முதல், இறைச்சிக் கூடங்கள் தாம் பதப்படுத்தும் கோழிகளில் கிருமிகளின் எண்ணிக்கையை வரையறுத்த அளவுக்குள் வைப்பது கட்டாயமாயிற்று. அளவைத் தொடர்ந்து மீறும் கூடங்கள் மீது படிப்படியாகக் கடுமையாகும் நடவடிக்கைகள் விதிக்கப்பட்டன.

பலன் விரைவில் தெரிந்தது. 2008ஆம் ஆண்டில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 6,700 பேர். 2002 முதல் 2006 வரையிலான சராசரி விகிதத்தோடு ஒப்பிட்டால், இது பாதிக்கும் மேலான வீழ்ச்சி. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில், கியான்-பாரே நோயால் மருத்துவமனையில் சேர்ந்தோர் விகிதமும் சுமார் 13 விழுக்காடு குறைந்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், சமைத்தவர் தம்மையே நொந்துகொள்வதைப் பல முறை கண்டிருக்கிறோம். அக்குற்ற உணர்வு வேண்டா. உணவின் பாதுகாப்பு பண்ணையில் தொடங்கி இறைச்சிக் கூடம், கடை, சமையலறை என நீளும் பொறுப்பு. எனினும் நியூசிலாந்திலும் நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஆகவே கடைசி வாயிலாகிய சமையலறையில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

இறைச்சியைச் சுத்தம் செய்து, துண்டுகளாக்கித் தருமாறு கடையிலேயே கேளுங்கள். குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவும்போது தெறிக்கும் நீர், கிருமியை அருகிலுள்ள பாத்திரங்களுக்கும் காய்கறிகளுக்கும் கொண்டு செல்லும். கழுவியே ஆக வேண்டுமெனில், அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசி, பின்னர்த் தொட்டியையும் கைகளையும் சோப்பு இட்டுக் கழுவுங்கள். மஞ்சள் தடவுவதால் கிருமி அழிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்கப் பயன்படுத்தாதீர்கள். எலும்பை ஒட்டிய பகுதியிலும் இளஞ்சிவப்பு நிறம் இல்லாதவாறு, ஆவி பறக்க முழுமையாக வேக வையுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு வயிற்றுப்போக்குடன் காய்ச்சல் வந்தால் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், கால்கள் தளர்ந்தாலும் எவராயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாக உட்கொள்ள வேண்டா. மருத்துவரைக் காணும் வரையில் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள்.