முகம் தெரியாத டாக்டர்

கல்யாண வீடு. பந்திக்கு நேரமாகிவிட்டது, சமையற்காரரைக் காணோம். அந்தச் சமயத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "கவலைப்படாதீங்கோ மாமி, நான் சமைக்கிறேன்" என்றால் தைரியமாகக் கரண்டியைக் கொடுத்துவிடலாம். மிஞ்சிப் போனால் சாம்பாரில் உப்புக் கரிக்கும், அவ்வளவுதானே? ஆனால் அவர் கேட்பது ஆபரேஷன் கத்தியாக இருந்தால்?

2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி, நியூயார்க் ஆஸ்பத்திரிகளின் முன் இந்தக் கேள்விதான் வந்து நின்றது. இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்த செய்தி கேட்டு டாக்டர்களும் நர்ஸுகளும் உதவிக்கு ஓடி வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால், வந்தவர் நிஜமாகவே டாக்டர்தானா? அவருடைய லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிறதா? அவருக்குத் தெரிந்தது எலும்பு வைத்தியமா, பல் வைத்தியமா? டெலிபோன்கள் கூடத் தடுமாறிய வேளையில் யாரிடம் விசாரிப்பது? உதவ வந்த பலரைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று.

மறு வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஆபத்து வருவதற்கு முன்பே வைத்தியத் தொண்டர்களின் பெயரைப் பதிந்து, தகுதியைச் சரிபார்த்து வைக்க அது வழி செய்தது. அதன்படி மாகாணந்தோறும் ஜாபிதா தயாராயிற்று. லைசென்ஸ், படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் சாவகாசமாகப் பரிசீலித்து, தொண்டர்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு முதற்படி. வைத்திய மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் போன்றோருக்கு நாலாவது படி. யாரையும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. யாரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று தெரிந்துகொண்டார்கள்.

2005-ல் காட்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது இன்னொரு சிக்கல் தலை தூக்கியது. அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் லைசென்ஸ் தனி. கெட்டிக்கார டாக்டரானாலும், எல்லையைத் தாண்டிவிட்டால் விசேஷ உத்தரவில்லாமல் நாடி பிடிக்க முடியாது! ஆகவே 2006-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். பதிவு செய்துகொண்ட தொண்டரின் லைசென்ஸை நெருக்கடிக் காலத்தில் வேறு மாகாணமும் ஒப்புக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சில மாகாணங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

"உயிர் போகிற நேரத்தில் சர்டிபிகேட் பார்ப்பார்களா?" என்று நமக்குக் கோபம் வரலாம். அந்த நேரத்தில் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே முன்பே பார்த்து வைப்பது! வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள்.

ஸ்ட்ரெச்சரில் நினைவின்றிக் கிடக்கும் பெண், "நீங்கள் யார்?" என்று கேட்கமாட்டாள். அவளுக்காக யாராவது முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.