உறைக்குள் உயிரணுக்கள்: காவல் உண்டு, காற்று இல்லை

முதல் வகை நீரிழிவு நோயில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. இறந்தவரின் கணையத்திலிருந்து, இச்செல்கள் கொத்தாக அமைந்த ‘திட்டு’களைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சை நடைமுறையில் உள்ளது எனினும், அவற்றை அந்நியமாகக் கருதி உடல் தாக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை அவர் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது, அம்மருந்துகளோ தொற்றுகளுக்கு வழிவிடுகின்றன. இந்த இக்கட்டைத் தவிர்க்க எழுந்ததே, செல்களை நுண்துளைச் சவ்வுக்குள் அடைத்துப் பொருத்தும் உறையிடல் முறை.

இதன் அடிப்படை எளிது. இன்சுலின் மூலக்கூறின் எடை சுமார் 5,800 டால்டன். தாக்க வரும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின்-ஜியின் எடை சுமார் 1,50,000 டால்டன். இடைப்பட்ட அளவில் துளைகள் அமைந்தால் முன்னது வெளியேறும், பின்னது உள்ளே வராது. 1980இல் பிராங்க்ளின் லிம், அந்தோணி சன் இருவரும் திட்டுகளை அல்ஜினேட் கரைசலில் கலந்து (பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் இப்பொருள் ஐஸ்கிரீமிலும் சேர்க்கப்படுவதுதான்) கால்சியம் குளோரைடு கரைசலில் துளித்துளியாக விழச் செய்தனர். விழுந்த கணமே கூழ்மணியாக உறைந்த ஒவ்வொரு துளியின்மீதும் பாலிலைசின் படலம் பூசி, உள்ளிருந்த கூழைச் சிட்ரேட்டால் மீண்டும் நீர்மமாக்கினர். நீரிழிவு எலிகளின் வயிற்றறையில் செலுத்தப்பட்ட இம்மணிகள் ஏறத்தாழ மூன்று வாரம் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தன.

மனிதரிடம் இவ்வெற்றி நிலைக்காததற்குத் துளையின் அளவு மட்டும் காரணமன்று; ஆய்வாளர்கள் நெடுங்காலம் அதிலேயே கவனம் செலுத்தியது மிகையென்றே தோன்றுகிறது. கணையத்தின் எடையில் ஓரிரு சதவீதமே உள்ள திட்டுகள் அதற்கு வரும் இரத்தத்தில் சுமார் பத்து சதவீதத்தைப் பெறுகின்றன. அத்துணை ஆக்சிஜன் பசி கொண்ட செல்கள் உறைக்குள் சென்றதும் இரத்தக் குழாய்களை முற்றாக இழந்து, சவ்வின் வழியே ஊடுருவி வரும் சொற்ப ஆக்சிஜனை மட்டுமே நம்பி வாழ நேர்கிறது. போதாக்குறைக்கு, உறையையே அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கணுக்கள் சூழ்ந்துகொள்ள, அதைச் சுற்றி நார்த்திசு படர்ந்து அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

செல்லின் தன்மைக்கும் அது பொருத்தப்படும் இடத்துக்கும் ஏற்ப உறையிடலின் பலன் வேறுபடுவதை 2025 மார்ச் மாதம் துலக்கமாகக் காட்டியது. உறையின்றிச் செலுத்தியபோது நோயாளிகள் சிலரை இன்சுலின் ஊசியிலிருந்தே விடுவித்த, குருத்தணுக்களிலிருந்து உருவாக்கிய திட்டுச் செல்களைச் சிறு சாதனத்துக்குள் அடைத்துச் சோதித்த வெர்டெக்ஸ் நிறுவனம், இன்சுலின் சுரப்பு எதிர்பார்த்த அளவை எட்டாததால் அம்முயற்சியைக் கைவிட்டது. அதே மாதத்தில், விழித்திரையின் மையப்பகுதியைச் சிதைக்கும் ‘மேக்டெல்’ என்னும் அரிய நோய்க்கு, என்செல்டோ என்ற உறையிட்ட செல் சிகிச்சைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் குழல் வடிவ உறைக்குள் இருப்பவை, நரம்பணுக்களைக் காக்கும் புரதத்தைச் சுரக்குமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட, குறைந்த ஊட்டத்திலும் தாக்குப்பிடிக்கும் விழித்திரை நிறமிச் செல்கள். எதிர்ப்பு மண்டலத்தின் கெடுபிடி குறைந்த கண்ணுக்குள் அவை இடம் பெறுகின்றன, தேவைப்படும் புரதமும் மிகச் சிறிதளவே. அச்சிகிச்சை இழந்த பார்வையை மீட்பதில்லை; ஒளியுணர் செல்கள் அழியும் வேகத்தைக் குறைக்கிறது.

செல்லின் பசிக்கும் பொருத்தும் இடத்துக்கும் இசைவு காணாமல் சவ்வை மட்டும் செம்மைப்படுத்துவது நீரிழிவில் பலன் தராது.