சேற்றுழவில் பேரிங்கைக் காக்கும் கிரீஸ்

மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மையைப் பூசுவது பழைய வழக்கம். சக்கரம் இலகுவாக ஓடும் என்பது ஒரு பயன். அச்சுக்கும் குடத்துக்கும் உள்ள இடைவெளியை அடைத்துப் புழுதியை உள்ளே விடாது என்பது மற்றொன்று. இன்று ரோட்டவேட்டருக்கும் டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் இடும் கிரீஸும் இதே இரண்டு வேலைகளைத்தான் செய்கிறது. முதலாவதை எல்லா உழவர்களும் அறிவர். இரண்டாவதைப் பலர் கருதுவதில்லை. சேற்றுழவு நாட்களில் பேரிங் அடிக்கடி போவதற்கு இது முக்கிய காரணம்.

நடவு நேரத்தில் பேரிங் உடைந்தால் அதன் விலை மட்டும் நட்டமன்று. வாடகைக்கு வந்த வண்டியானாலும் சரி, சொந்த வண்டியானாலும் சரி, பழுது பார்த்து முடிக்க இரண்டொரு நாள் போய்விடும். குறுகிய கால நெல்லின் நாற்று அதற்குள் முதிர்ந்துவிட்டால், நட்ட பின் தூர் கட்டுவது குறையும்.

பேரிங்கின் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள கிரீஸ் படலம், தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. சேற்றிலுள்ள நுண்மணல் அதைவிடப் பருமனானது. அது உள்ளே புகுந்தால் எஃகைக் கீறும். கீறலில் உதிரும் எஃகுத் துகளும் சேர்ந்துகொண்டு அரைக்கும். இதைத் தடுக்க ஆயில் சீல் இருக்கிறதே என்று கேட்கலாம். சீலின் ரப்பர் விளிம்பு நாளடைவில் தேயும். அதன் பின்னால் கிரீஸ் நிறைந்து நின்றால்தான் சேற்று நீருக்கு வழி அடைபடும்.

கிரீஸ் இடுவதற்கு ஏற்ற நேரம் மாலை. பகலெல்லாம் ஓடிச் சூடேறிய பேரிங் ஆறும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலுள்ள ஈரத்தை இழுக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உள்ளே போன நீர் இரவு முழுவதும் நின்று துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் வண்டி கரையேறியவுடன், சூடு தணியும் முன்பே, நிப்பிளைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் சேற்றை நாமே உள்ளே தள்ளியதாகும். கிரீஸ் டப்பாவைத் திறந்தபடி களத்து மேட்டில் வைப்பதும் அப்படிப்பட்டதே. பழைய கிரீஸ் அழுக்கோடு பிதுங்கி வந்து, புதியது தென்படும் வரை அடிக்கலாம். அந்த அழுக்கை வழித்தபின், சீலைச் சுற்றிப் புதிய கிரீஸ் மெல்லிய வளையமாக நிற்கட்டும்.

பம்பு செட் மோட்டாருக்கு இம்முறை ஆகாது. அது வேகமாகச் சுழல்வதால், பேரிங் அறையில் பாதிக்கு மேல் நிரப்பினால் சூடேறிக் கெடும். நிப்பிள் இல்லாமல் மூடி வரும் பேரிங்கையும் தொட வேண்டாம்.

சேற்று வேலைக்கு லித்தியம் அல்லது கால்சியம் வகைக் கிரீஸ் ஏற்றது. சோடியம் வகை நீரில் கரைந்துவிடும். ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது.

பிதுங்கி வந்த பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, நறநறவென்றால் மணல். நாள்தோறும் கிரீஸ் அடித்தும் இப்படி வந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அப்போது மேலும் கிரீஸ் அடிப்பதில் பயனில்லை, சீலைத்தான் மாற்ற வேண்டும்.